யாரும் எண்ணாத அட்டை

வியாழன் காலை ஏழே கால். மலேசியாவில் கரங்கான் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் சின்னையா எழுந்திருக்கவில்லை; தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது. முந்தின நாள்தான் குடலிறக்க ஆப்பரேஷன். காலையில் அறுத்து, மத்தியானமே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தலைமாட்டில் வெள்ளை மாத்திரை அட்டை. சொன்னபடி இரண்டுதான் குறைந்திருந்தது.

வெள்ளி, பகல் பதினொன்று. பரிசோதனை முடிவு வந்தது. இரத்தத்தில் வெள்ளை மாத்திரையோடு நீல மாத்திரையும் இருந்தது, அளவுக்கு மீறி. இரண்டுமே அபின் வகை வலி மருந்து. சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். எது வலிக்கு நன்றாகக் கேட்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, மருத்துவமனை ஆளுக்கொரு வகை கொடுத்து வந்தது. சின்னையாவுக்கு மாத்திரை கொடுத்தவள் நர்ஸ் வாசுகி. பழி வேறு யார் தலையில் விழும்?

"ஒரே அட்டைதான் சார் கொடுத்தேன். வேலை போகட்டும் லா. கொன்னுட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க!"

இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரனுக்கு மனசு ஒப்பவில்லை. அதே நாளில் அதே ஆப்பரேஷன் செய்துகொண்ட சின்னையாவின் பக்கத்து வீட்டுப் பிச்சையைத் தேடிப் போனார். பிச்சை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"மாத்திரை போட்டீங்களாண்ணே?"

"வேளாவேளைக்குப் போட்டேன்யா."

நீல அட்டையில் ஆறு காலி, நான்கு மிச்சம்.

"சின்னையாவைப் பார்த்தீங்களா?"

"புதன் சாயங்காலம். சும்மா எட்டிப் பார்த்தேன்."

கேட்காமலே திரும்பிவிடலாமா என்றுகூடப் புவனேஸ்வரனுக்குத் தோன்றியது. வாசுகியின் அழுத முகம் விடவில்லை.

"ஆறு மாத்திரை போட்டவரு இப்படிச் சுவத்தப் பிடிச்சு நடக்க மாட்டாருண்ணே. செத்தவர் அட்டையத்தான் எல்லாரும் எண்ணினோம். உங்க அட்டைய யாரும் எண்ணல, உங்க வலியையும் பார்க்கல. நீலத்தைக் கொடுத்தது நீங்கதான்."

பிச்சை அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவனுக்கு வெள்ளை கேக்கலய்யா, துடிச்சுப் போனான். எனக்கு நீலம் ஒண்ணுலயே கேட்டுச்சு. வேளைக்கு ஒண்ணுன்னு சொல்லித்தான் அஞ்சைக் கொடுத்தேன். வலி பொறுக்காம எல்லாத்தையும் போட்டுட்டான் போல. முடியாம கிடக்கிறவனைப் பார்க்க ஒரு மைலோ மாவு டின்னாவது வாங்கிட்டுப் போவோம். கடைக்கு நடக்க எனக்கும் முடியல. வெறுங்கையோட எப்படிய்யா போறது?"

அடப் பாவமே! புவனேஸ்வரன் வாசுகிக்குப் போன் போட்டு, "நீங்க இல்ல" என்று இரண்டே வார்த்தை சொன்னார். அந்தப் பக்கம் அவள் அழுதாள். பிறகு வாக்குமூலத் தாளில் பிச்சையின் பெயரை எழுதினார். மேசையில் கிடந்த நீல அட்டையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒண்ணு போட்டுக்குங்கண்ணே. ஸ்டேஷன் வரைக்கும் போகணும்."

"வேணாம்யா," என்றார் பிச்சை. "வலிக்கட்டும்."