ஹாண்டில் கண்ணாடியில் ஒருத்தி

மரினா தேத்தண்ணியோடு மாடியில் இருந்த சின்ன அறைக்குள் வந்தபோது, கஸ்பருக்குப் பின்னால் ஒரு பெண் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள்.

ரீவிக்குள்தான். செப்டெம்பரில் கஸ்பர் பிரான்ஸுக்குப் போய், வில்மோரே என்ற கிராமத்தைச் சுற்றி ஒரு கிழமை சைக்கிள் ஓடிவிட்டு வந்தவன். ஹெல்மெட்டில் பூட்டிய கமரா வழி முழுவதையும் பதிந்திருந்தது. லண்டன் மோர்டனுக்குத் திரும்பியதும் அதே சைக்கிளை ஒரு ஸ்டாண்டில் பூட்டி, அந்த வீடியோவோடு இணைத்துவிட்டான். பெடலை மிதித்தால் ரீவியில் வழி ஓடும். கால் நின்றால் வழியும் நிற்கும். திரையின் அடியில் அவனுடைய ஹாண்டிலும், அதன் இடது முனையில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடியும் எப்போதும் தெரியும். அந்தக் கண்ணாடிக்குள், நல்ல தூரத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தி வந்துகொண்டிருந்தாள்.

தனியாகப் போனதாகத்தான் அவன் சொல்லியிருந்தான்.

"தேத்தண்ணி ஆறுது," என்றாள் மரினா.

கஸ்பர் மிதித்துக்கொண்டே இருந்தான்.

கல்யாணமாகி இருபது வருஷம் முடிந்ததற்கு லூர்துக்குப் போவோம் என்று அவள்தான் கேட்டிருந்தாள். கோயிலில் இருந்து பஸ் போகிறது, இரண்டு சீற் போட்டு வைக்கட்டுமா என்று. லீவு இல்லை என்றான். பிறகு அவனுக்கு மட்டும் லீவு கிடைத்தது. அவளைக் கட்டுவதற்கு முந்தி எட்டு வருஷம் பரிஸில் இருந்தவன். அந்த எட்டு வருஷத்தைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் ஒரு கடுதாசியின் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் காலத்து ஆளாகத்தான் இருக்கும் என்று மரினா நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் தினமும் பார்த்தாள். கஸ்பர் வயரிங் வேலையை நாலரைக்கே முடித்துக்கொண்டு ஓடிவருவான். ஐந்து மணிக்கு ஏறினால் ஆறரை வரைக்கும் இறங்கமாட்டான். தங்கச்சியின் மகன் லக்‌ஷனின் பிறந்தநாளில் கேக் வெட்ட முதலே எழும்பி வந்தவன். கீழே குசினியில் நின்று வெங்காயம் வெட்டும்போது, சுவரின் வழியாக இறங்கி வரும் அந்தச் சில்லின் இரைச்சலும், காற்றாடியின் ஓயாத ஊதலும், சூடேறிய ரப்பரோடு அவனுடைய வியர்வை கலந்த நெடியும், இவற்றுக்கெல்லாம் இடையில் மூச்சு வாங்கி வாங்கி அவன் யாருக்கோ மெல்லச் சொல்லும் "வா... வா..." என்ற முனகலும் அவளுக்குள்ளேயே குடியிருந்தன. அவளை அவன் "வாரும்" என்றுதான் கூப்பிடுவான். ஒருநாளும் "வா" என்று கூப்பிட்டதில்லை.

துணி மடிக்கிற சாட்டில் கதவோரம் நின்று அந்த வழியைப் பாடமாக்கினாள். முதலில் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம். வாசல் வளைவில் முகம் தேய்ந்துபோன அர்ச்சிஷ்டவர்களின் கற்சிலைகள் வரிசையாக. பிறகு திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறும் வழி, உச்சியில் பாதி இடிந்த கோட்டைக் கோபுரம். பிறகு புறாக்களுக்கென்று கட்டிய உருண்டைக் கட்டடம். அதைத் தாண்டிச் சரிவில் இறங்கினால், ஓட்டுக் கூரைக்குக் கீழே கல் தொட்டி வைத்த ஒரு பழைய மண்டபம். முந்தின காலத்தில் ஊர்ப் பெண்கள் கூடியிருந்து உடுப்புத் தோய்த்த இடம். கஸ்பர் அங்கே இறங்கித் தொட்டித் தண்ணீரில் கை கழுவுவான். அதுவரைக்கும் கண்ணாடிக்குள் வெறும் ரோட்டுத்தான். சைக்கிளில் திரும்ப ஏறும்போது அந்தப் பெண் இருப்பாள்.

அங்கேதான் சந்தித்திருக்கிறார்கள் என்று மரினா முடிவு கட்டினாள்.

அதற்கும் அப்பால், கல் பாலத்தில், அவன் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நாலு நிமிஷம் நின்றான். கமரா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்ரேஷனுக்கு நடக்கும்போது எப்போதும் பத்தடி முன்னால் போகிறவன், ஒருநாளும் அவளுக்காக நின்று திரும்பிப் பார்க்காதவன், அங்கே நின்றான். அந்த நாலு நிமிஷத்தை அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஜனவரியில் ஒருநாள் சாப்பாட்டில் கேட்டேவிட்டாள்.

"கண்ணாடிக்குள்ளை வாறது ஆர்?"

கஸ்பர் கையில் எடுத்த சோற்றை அப்படியே சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தான். முகத்தில் இருந்து இரத்தம் இறங்கிப்போனது.

"உமக்கும் தெரியுதோ?"

"எனக்குக் கண் இல்லையே?"

"எவ்வளவு காலமாத் தெரியுது? கிட்டவோ, தூரவோ?"

"அதையேன் என்னட்டைக் கேக்கிறியள்? உங்களுக்குத் தெரியாததோ?"

கஸ்பர் எழும்பினான். கை கழுவப் போனவன் குழாயைத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிடிபட்டவனின் முகம் என்று மரினா நினைத்தாள். அன்றிரவு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் வயது முப்பதுக்குள்தான் இருக்கும், பரிஸ் காலத்து ஆளாக இருக்க ஏலாது என்று கணக்குப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை கஸ்பருக்கு லண்டனின் மறு கோடியில், ஃபாரஸ்ட் கேட்டில், ஒரு கடையில் வேலை. நாலே முக்காலுக்குப் போன் வந்தது.

"வான் நடு ரோட்டில நிண்டுபோச்சு. ஐஞ்சுக்கு வந்துசேர ஏலாது." இரைத்தது அவனுக்கு. "இஞ்சேரும், ஒரு உதவி. மேலை போய் சைக்கிளில ஏறி மிதியும். நான் வருமட்டும் நிப்பாட்டாதையும்."

"என்ன கதை கதைக்கிறியள்?"

"வந்து சொல்லுறன். மரினா, கெஞ்சிக் கேக்கிறன். நிப்பாட்டாதையும்."

போன் அறுந்துவிட்டது.

இருபது வருஷத்தில் அவன் அவளைக் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அதுவும் இன்னொருத்திக்காக. மரினா ஆத்திரத்தோடு படியேறினாள். வெளியே இருட்டிவிட்டது, ஜன்னலில் தூறல் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. சீற் அவளுக்கு உயரம். ஒருபக்கம் சரிந்து ஏறி உட்கார்ந்து மிதித்தாள்.

கஸ்பர் நேற்று விட்ட இடத்தில் இருந்து வழி தொடங்கியது. தோய்க்கிற மண்டபம் தாண்டியாயிற்று. கண்ணாடிக்குள் அவள் வந்துகொண்டிருந்தாள், தூரத்தில், அதே தூரத்தில். காற்றாடி போடாததால் அறைக்குள் எல்லாச் சத்தமும் துலக்கமாக இருந்தது: சரளைக் கல் நெரிபடுவது, எங்கோ ஒரு நாய், செப்டெம்பர் மாதத்துக் கஸ்பரின் மூச்சு. பாலம் வந்தது. அவனுடைய குரலும் வந்தது, பக்கத்தில் நின்று சொல்வதுபோல.

"வராதை... வராதை..."

மரினா திகைத்தாள். வா இல்லை. வராதை. ஆனால் பொங்கிக்கொண்டிருந்த மனம் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தது. சண்டை பிடித்திருக்கிறார்கள். அவ்வளவு நெருக்கமான ஆட்களோடுதானே சண்டை வரும். என்னோடு இவர் சண்டைகூடப் பிடித்ததில்லையே.

வா, பார்ப்பம். உன்ரை மூஞ்சையை நான் பாக்கவேணும்.

காலை நிறுத்தினாள்.

பாலத்துக்குக் கீழே ஓடிய ஆறு நின்றது. பாலத்தின் மேல் விழுந்துகொண்டிருந்த ஒரு பழுத்த இலை அந்தரத்தில் நின்றது. நாய் பாதிக் குரைப்பில் நின்றது.

கண்ணாடிக்குள் அவள் மட்டும் நிற்கவில்லை.

மரினா பெடலைக் குனிந்து பார்த்தாள். இரண்டு காலும் அசையவில்லை. நிமிர்ந்தாள். வெள்ளைச் சட்டை பெரிதாகியிருந்தது. சட்டைக் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். தலை குனிந்திருந்தது, ஈரத் தலைமயிர் முகத்தை மூடிக்கொண்டு தொங்கியது. அவளும் பெடல் மிதிக்கவில்லை. கால்கள் சும்மா தொங்கின. சில்லுச் சுற்றவில்லை. ஆனாலும் வந்தாள்.

இன்னும் கிட்ட.

மிதிக்கவேணும் என்று தோன்றியது. கால் கேட்கவில்லை.

இன்னும்.

கண்ணாடி முழுக்க வெள்ளை. அதற்குள் தலை மெல்ல நிமிரத் தொடங்கியது.

மரினா சைக்கிளில் இருந்து விழுந்து, தவழ்ந்து, பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை கறுத்தது. தூறல் சத்தம் மட்டும்.

கீழே இறங்கிக் குசினி, முன்னறை, நடை, எல்லா லைற்றையும் போட்டாள். படியின் கடைசித் தட்டில் முன்கதவைப் பார்த்தபடி இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஃபிரிஜ் உறுமி ஓய்ந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். செபம் சொல்லப் பார்த்தாள். பாதியில் சொற்கள் கலைந்துபோயின. பைத்தியம் எனக்கு, வெறும் வீடியோ, என்று வாய்விட்டுச் சொன்னாள்.

ஆறு நாற்பதுக்கு ஒரு கார் வந்து நின்றது. பூட்டில் திறப்புத் திரும்பும் சத்தம். மரினா எழும்பிக் கதவடிக்குப் போனாள். கஸ்பர் வாசல் படியில் நின்றான், தலைமயிர் மழையில் ஒட்டியிருந்தது.

"மிதிச்சனீரோ?"

"கொஞ்ச நேரம்."

"நிப்பாட்டினனீரோ?"

"ஓம்."

"எங்கை வைச்சு?"

"பாலத்தில." அவளுக்கு அழுகை வந்தது. "ஆரவள்? முதல்ல அதைச் சொல்லுங்கோ."

"சத்தியமா எனக்குத் தெரியாது, மரினா. அந்தத் தொட்டியில கை கழுவினனான். அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் ஐஞ்சு மணிக்குக் கிட்ட வரப் பாப்பாள். மிதிக்க மிதிக்கத் தூரத்தில நிப்பாள். அதுக்குத்தான் மிதிச்சனான்." முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தான். "எவ்வளவு கிட்ட வந்தவள்? ஏன் நிப்பாட்டினனீர்?"

"முகத்தைப் பாக்கத்தான். வரட்டுமெண்டு நிண்டனான்."

அவள் சொல்லும்போதே அவனுடைய கண் அவளைவிட்டு விலகியது. அவளுடைய வலது காதுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால், போய் நின்றது.

கஸ்பர் தன்னுடைய முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வெறும் ரோட்டு. லைற் வெளிச்சத்தில் மழை.

பார்வை மறுபடியும் அவளுடைய காதோரம்.

பிறகு அவனுடைய முகம் இளகியது. தோள் இறங்கியது. மாதக்கணக்காகத் தூக்கிக்கொண்டு திரிந்த பாரத்தை யாரோ வாங்கிக்கொண்டதுபோல. மரினா அதைக் கண்டாள். அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, அதையும் கண்டாள்.

ஒரு படி பின்னால் இறங்கினான். இன்னொரு படி.

"இஞ்சருங்கோ," என்றாள்.

அவன் கேற்றைத் திறந்தான்.

"இஞ்சருங்கோ. என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ."

கேற் சாத்தியது. ஓடுகிற சத்தம். பிறகு அதுவுமில்லை.

மரினா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. ஊறி வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கின கைகள். அவசரமில்லாமல் அவளுடைய இடுப்பைச் சுற்றி வந்து, கரியரில் ஏறியிருக்கிற பெண் விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்வதுபோல, வயிற்றின்மேல் விரலோடு விரல் கோத்து, இறுக்கிக்கொண்டன.