வடிகுழாய்க்குள் கை

காலையில் பிரஷ் போட்டுத் தேய்த்துத் தள்ளிய துரு, சோறு தின்றுவிட்டு வருவதற்குள் தொட்டியில் மறுபடி ஏறியிருந்தது. ராஜமாணிக்கம் குனிந்து பார்த்தார். கடலூர் துறைமுகத்தை ஒட்டிய அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் தொட்டி கழுவுவதுதான் அவர் வேலை. ஆழ்கடலிலிருந்து கப்பலில் வந்த புழுக்கூடுகள், விரல் தடிமனில் குழல் குழலாக, உப்புத்தண்ணீருக்குள் நின்றன. நேற்றுவரை வெள்ளை. இன்று செம்மண் நிறம்.

"இரும்ப வச்சுப் பொழைக்கிற பாக்டீரியாண்ணே," என்றாள் சிதம்பரத்திலிருந்து வந்துபோகும் ஆராய்ச்சிக்காரி தாட்சாயிணி. "கூட்டு மேல துருவாப் படியும். உள்ளேருந்து செவப்பா இறகு நீட்டுற புழு செத்துக் கரைஞ்சிடும். கூடு மட்டும் கல்லாயி நிக்கும். அதுக்கு வருஷக்கணக்காவும்."

"மத்தியானத்துக்குள்ள ஏறியிருக்கே. உன் படிப்புக்கு இது தெரியுமா பாப்பா?"

"கிண்டல் போதும். கிளவுஸ் போட்டுக்குங்க."

"சாக்கடை அள்ளுன கை இது. உன் புழுவுக்கா பயப்படும்?"

அவள் சிரித்துக்கொண்டே பக்கத்து அறைக்குப் போனாள்.

தண்ணீர் இறங்கவில்லை. தொட்டிக்கு வெளியே நீட்டியிருந்த வடிகுழாயில் அடைப்பு. கையுறை போட்டால் அடைப்பு எது, குழாய் எது என்று விரலுக்குத் தெரியாது. அவர் எப்போதும் வெறுங்கையைத்தான் விடுவார். தரையில் படுத்துத் தோள்வரை விட்டார். கஞ்சியாடை போல ஏதோ ஒன்று வெதுவெதுப்பாக விரலிடுக்கில் வழுக்கி மணிக்கட்டைச் சுற்றி ஏற, ஊறிப்போன ஆணியின் நாற்றம் மூக்கில் அடிக்க, தலைக்குமேல் மோட்டார் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது.

கையை இழுத்தார். வரவில்லை.

"பாப்பா!"

மோட்டார் அந்தக் குரலை விழுங்கியது.

வலி இல்லை. அதுதான் பயம். கட்டைவிரலை மடக்கினார். மடங்கியது. மறுபடி மடக்கினார். மடங்கவில்லை. அடுத்து சுட்டுவிரல். மணிக்கட்டு. முழங்கை. சோற்றுக் கை. இது போனால் யார் வேலை கொடுப்பான்?

தாட்சாயிணி வந்து பார்த்து அலறினாள்.

"கத்தாத. கொழாய அறு. கை பத்திரம்."

அவள் ஓடி எடுத்துவந்த ரம்பம் ஓடியது. பிளாஸ்டிக் குழாய் நீளவாக்கில் பிளந்தது. கை இருந்தது. துரு நிறத்தில், கல்லாக, நகமும் ரேகையும் மாறாமல். அவள் ரம்பப் பிடியால் மெல்லத் தட்டினாள். வெற்றுக்குடம் போல ஒலித்தது.

"உள்ள... ஒண்ணும் இல்லண்ணே."

ராஜமாணிக்கம் தலையைத் திருப்பினார். விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தும் திறந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ரத்தச் சிவப்பில் ஓர் இறகுக்கொத்து வெளியே நீண்டு, காற்றைத் தடவிப் பார்த்து, அவர் முகத்தின் பக்கம் திரும்பியது.