கொலைகாரனுக்கு ஒரு கிலோ வெங்காயம்!

"ஆஆஆ...!"

காலை பதினொரு மணிக்கு விவேக் நகரே அதிரும்படி அலறினான் ரகுராம். கால் சென்டரில் இரவு வேலை. தூக்கம் பகலில். மூன்று மாதமாகத் தினமும் ஒரே கனவு. கட்டிலருகே ஒருவன்... தலையில் குரங்குக் குல்லா, கையில் கத்தி!

கீழ்வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனர் மௌரீன் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள்.

"இன்னொரு தடவை கத்துனே... ரூமைக் காலி பண்ணிடு! நாலாவது கிராஸ் தெருவுல பகல் திருடன் புகுந்ததுலேர்ந்து எனக்கே பிபி ஏறிக் கெடக்கு!"

கல்யாணமாகாதவனுக்குப் பெங்களூரில் ரூம் தேடுவது அந்தக் கனவை விடப் பயங்கரம். மனநல டாக்டர் அன்னம்மாளிடம் ஓடினான்.

அவர் அசரவே இல்லை.

"முழிச்சிருக்கும்போது கனவை ஒரு பேப்பர்ல எழுதுங்க. முடிவை மட்டும் உங்களுக்குப் புடிச்ச மாதிரி மாத்துங்க. தினமும் அதையே மனசுல ஓட்டிப் பாருங்க. பயம் விட்டுடும்."

"அவன் கத்தியோட வர்றான் டாக்டர்!"

"அப்ப அவனுக்குக் கத்தி வேலை ஒண்ணு குடுங்களேன்!"

கொடுத்தான். பதினைந்து நாள் விடாமல் ஒத்திகை. 'வாங்க... உக்காருங்க... வெங்காயம் நறுக்குங்க...' நிஜம்போல இருக்கட்டுமே என்று கட்டிலுக்கடியில் ஒரு கிலோ வெங்காயம் வேறு வாங்கி வைத்தான்.

பதினாறாம் நாள். பகல் பன்னிரண்டு மணி.

க்ளிக்...

கதவு திறந்தது.

குரங்குக் குல்லா! கத்தி!

"சத்தம் போட்டே... சொருகிடுவேன்!"

ரகுராம் அரைக்கண்ணைத் திறந்து கொட்டாவி விட்டான்.

"வந்துட்டீங்களா? உக்காருங்க. இந்தாங்க வெங்காயம். பொடிசா நறுக்குங்க."

"டேய்... உனக்குப் பயமா இல்லே?"

"அதெல்லாம் போன மாசம். தோலை உரிச்சுட்டு நறுக்குங்க சார்!"

வந்தவன் வெங்காயத்தையும் ரகுராமையும் மாறி மாறிப் பார்த்தான். கத்தியைப் பார்த்து ஓடியவர்கள் உண்டு, காலில் விழுந்தவர்கள் உண்டு... வெங்காயம் நீட்டியவன் இவன்தான்! இவன் பைத்தியமா? மஃப்டி போலீஸா? குழம்பிப்போய்த் தரையில் உட்கார்ந்தான்.

நறுக்கினான்.

நாலாவது வெங்காயத்தில் கண்ணீர் கொட்டியது. ரகுராமுக்கும் கண் எரிந்தது.

ஒரு நிமிஷம்...

கனவில் எப்படிக் கண் எரியும்?

"ஆஆஆ...!"

ரகுராமின் அலறலில் துள்ளி எழுந்தான் திருடன். கண் தெரியவில்லை. பீரோவில் முட்டினான். சுவரில் முட்டினான். ஒரு வழியாக வாசலைக் கண்டுபிடித்து ஓடினான்... ரூமைக் காலி பண்ணச் சொல்ல ஏறி வந்துகொண்டிருந்த மௌரீன் மீதே!

அவள் கையில் சப்பாத்திக் கட்டை.

"ணங்!"

திருடன் சுருண்டான். அவன் பையைத் திறந்த மௌரீன் வாயைப் பிளந்தாள். உள்ளே, கீழ்வீட்டுப் பீரோவில் இருந்த அவளுடைய இரட்டைவடச் சங்கிலி!

"ரகு... இனிமே நீ எப்ப வேணா கத்திக்கப்பா!"

மறு வாரம் நன்றி சொல்ல க்ளினிக்குக்குப் போன ரகுராம் அதிர்ந்தான். பெஞ்சில் கன்னடக்கார இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா. பக்கத்தில் கைவிலங்கோடு... அவனேதான்!

"சார், இவனை ஏன் இங்கே...?"

"என்ன பண்றது ரீ! லாக்கப்ல ஒருத்தரையும் தூங்க விட மாட்டேங்கறான். கண்ணை மூடினா போதும், 'வெங்காயம் வேணாம், வெங்காயம் வேணாம்'னு ஒரே அலறல்!"

டாக்டர் அன்னம்மாள் திருடனிடம் பேப்பரும் பேனாவும் நீட்டினார்.

"கனவோட முடிவை மாத்தி எழுதுங்க."

திருடன் விலங்குக் கையால் பேனாவை வாங்கினான்.

"எ... என்ன எழுதறது டாக்டர்?"

ரகுராம் அவன் தோளைத் தட்டினான்.

"பீன்ஸ்னு எழுதிக்குங்க சார்... கண்ணு எரியாது!"