வாப்பாவின் தூக்கமும் மூன்று ஜீன்ஸும்

மூன்று வருடம் கழித்து ஊருக்கு வந்த வாப்பா, கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்துகொண்டிருந்தார். சார்ஜாவில் விமானம் ஏறுவதற்கு முந்தின இரவும் அவருக்குத் தூக்கமில்லை. திருவனந்தபுரத்தில் இறங்கி, வேன் பிடித்து, வள்ளியூர் தாண்டி மேலப்பாளையம் வந்து சேர்வதற்குள் மனிதர் ஓய்ந்து போய்விட்டார்.

பதினொரு வயது கமர் நிஷா அவர் தோளில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கமரு," என்றார் வாப்பா, கண்ணைத் திறக்காமலே. "அன்னைக்கி நீ போன்ல பேசும்போது லைன் கட்டாயிட்டுல்லா? அப்பத்துலேருந்து உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிக்கிட்டே…"

அதற்குள் வாப்பாவின் தம்பி மசூது சாச்சா அறைக்குள் வந்து, "காக்கா, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க" என்றார். வாப்பா கேட்க வந்தது பாதியில் நின்றுவிட்டது.

இது முதல் தடவை இல்லை. காலையிலிருந்து வாப்பா அந்தக் கேள்வியைத் தொடங்குவதும், யாராவது உள்ளே வருவதுமாகவே இருந்தது. கமர் நிஷாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அப்படி என்னதான் கேட்கப் போகிறார்?

எல்லாவற்றுக்கும் காரணம் வாப்பா கொண்டுவந்த மூன்று ஜீன்ஸ்தான்.

மூன்றும் ஒரே கருநீலத் துணி. ஜமுக்காளம் மாதிரிக் கனம். தரையில் நிறுத்தி வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும் போலிருந்தது. காலை மடித்துவிட்டால் துணியின் கரையில் சிவப்பு நூல் ஒன்று ஓடுவது தெரியும். கொல்லையில் நின்ற ஆடு ஒரு ஜீன்ஸின் காலை மென்று பார்த்துவிட்டு, நமக்கு இது சரிப்படாது என்று விட்டுவிட்டது.

இடுப்பளவும் மூன்றுக்கும் ஒன்றுதான். வெட்டுதான் வேறு. அந்தக் காலத்து மாடல்களைப் பார்த்துத் தைத்தவை என்றார், துணிக்கடையில் வேலை பார்க்கும் வாப்பா. ஒன்று, சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் போட்ட மாதிரி. இடுப்பு தொப்புளுக்கு மேலே ஏறி, கால் தொளதொளவென்று கிடந்தது. இன்னொன்று குதிரையேறி மாடு மேய்த்தவர்களுடையது, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்குழாய். மூன்றாவது மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுடையது. தொடையைக் கவ்விப் பிடித்து, கணுக்காலில் ஒடுங்கியது.

சாச்சாவுக்கும் மாமாவுக்கும் மச்சானுக்கும் ஆளுக்கு ஒன்று. எது யாருக்கு என்று மட்டும் வாப்பா சொல்லவில்லை. சொன்னால் ஒருவர் முகமாவது தொங்கிப் போகும் என்று அவருக்குத் தெரியும். ஏனென்றால் மூன்று பேருக்குமே அந்த ஒடுங்கிய ஜீன்ஸ்தான் வேண்டும்.

முதலில் வந்தவர் தமீம் மாமா. உம்மாவின் தம்பி, ஆட்டோ ஓட்டுகிறவர், கொஞ்சம் தொப்பை உண்டு. அவர் மூச்சை இழுத்துப் பிடித்து ஒடுங்கியதை மாட்டிக்கொண்டு, கழற்ற மாட்டேன் என்று நின்றார். மசூது சாச்சாவுக்குத் தொளதொள ஜீன்ஸ் வந்து சேர்ந்தது. மாமி மகன் ஜாபர் மச்சான் கல்லூரியில் படிக்கிறவன், ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். அவனுக்கு நேர்க்குழாய்; பெல்ட் போட்டு இறுக்கினால்தான் இடுப்பில் நின்றது. மூவரும் பீரோக் கண்ணாடி முன்னால் மாறி மாறி நின்று பார்த்தார்கள். பிறகு மாறி மாறி வாப்பாவை எழுப்பினார்கள்.

கமர் நிஷா அடுக்களைக்குப் போனாள். உம்மா ஆபிதா பீவி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டி, நெய்ச்சோறும் தாளிச்சாவும் கறியும் ஆக்கி முடித்திருந்தாள்.

"எனக்கே எந்திக்க முடியல," என்றாள் உம்மா. "வாப்பா கண்ணைப் பாத்தியா? செக்கச் செவேல்னு இருக்கு. இந்தப் பஞ்சாயத்து முடிஞ்சாத்தான் அவங்க தலையைச் சாய்ப்பாங்க."

கமர் நிஷா யோசித்தாள். பெருநாளுக்குப் புதுச் சட்டை எடுத்தால் உம்மா அவளை முதலில் உட்காரச் சொல்லித்தான் பார்ப்பாள். இந்த மூன்று பேரும் காலையிலிருந்து நின்றபடியே இருக்கிறார்கள். ஒருவராவது உட்கார்ந்து பார்த்தாரா?

அவள் வாப்பாவைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு அறைக் கதவைப் பைய சாத்தினாள். கூடத்தில் பாய் விரித்தாள். பலர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய சகன் தட்டை நடுவில் வைத்து, சோற்றைக் கொட்டினாள்.

"சாப்பிட வாங்க. அப்படியே உக்காருங்க. உடுப்பு மாத்துனா சோறு ஆறிப் போவும்," என்றாள்.

மசூது சாச்சா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தொளதொள ஜீன்ஸ் அவர் சொன்னபடி கேட்டது. ஜாபர் மச்சான் ஒரு காலை மடக்கி, ஒரு காலைக் குத்திட்டுச் சமாளித்துக்கொண்டான். தமீம் மாமா பாதி குனிந்தார், நின்றார். பக்கவாட்டில் முயன்றார்; முடியவில்லை. கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து, இரண்டு காலையும் விறைப்பாக நீட்டி உட்கார்ந்தார். கால் தட்டுவரை எட்டியது. கைதான் எட்டவில்லை.

சாச்சா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டபோது மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "மசூது, நாம மாத்திக்குவோமா?" என்றார்.

"இனிமே மாத்த முடியாது," என்றார் சாச்சா.

மறுபடியும் சத்தம் கிளம்பியது. இப்போது எல்லாருக்கும் தொளதொள ஜீன்ஸ் வேண்டும். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. கமர் நிஷா உதட்டில் விரலை வைத்தாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மாமா நாள் பூரா ஆட்டோல உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு உக்கார வசதியா இருக்கது வேணும். ஜாபர் மச்சானுக்குப் பஸ்ல உக்காரவா எடம் கெடைக்கி? தொங்கிக்கிட்டுத்தானே போறான். அவனுக்கு ஒடுங்குனது போதும். சாச்சா கடையில நிக்காங்க. அவங்களுக்கு நேரா இருக்கது."

சாச்சா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். அவர் ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவர்.

"எங்க கடையில காலையிலேருந்து கடை பூட்டுற வரைக்கும் உக்கார விடமாட்டாங்க, கமரு," என்றார். "இன்னைக்கி ஒரு நாளு சுகமா உக்காந்திருக்கேன். அதையும் கேக்கியா?"

கமர் நிஷாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. சாச்சாவின் குதிகால் வெடிப்புகளை அப்போதுதான் கவனித்தாள்.

"சாச்சா, வீட்டுக்கு வந்தா நீங்க கைலிதானே கட்டுவீங்க?" என்று மெல்லக் கேட்டாள். "அதைவிட உக்கார நல்ல உடுப்பு உண்டா?"

சாச்சா அவளைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான். இந்த வெயில்ல இதைக் கட்டிக்கிட்டு எவன் வீட்டுல இருப்பான்?"

மாற்றி உடுத்தி முடித்தார்கள். ஜாபர் மச்சான், காலையில் தான் கேட்டது தனக்கே வந்துவிட்ட சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

கிளம்பும்போதுதான் இன்னொரு வில்லங்கம். அந்தப் புதுத்துணி நடக்க நடக்க ஒன்றோடொன்று உரசி, மரத்தை இழைப்பது போலச் சத்தம் போட்டது. அறைக்குள்ளிருந்து வாப்பாவின் குறட்டை வந்துகொண்டிருந்தது. சாச்சா முதலில் காலை அகட்டி வைத்தார். மாமாவும் மச்சானும் அப்படியே செய்தார்கள். மூன்று ஆண்பிள்ளைகளும் காலை அகட்டி அகட்டி, சத்தமில்லாமல் தெருவில் இறங்கிப் போனார்கள். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் வாப்பா கண் விழித்தார். காத்திருந்து களைத்த கமர் நிஷா கட்டிலின் காலடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் தலையைத் தடவவும் எழுந்துகொண்டாள். வாப்பாவின் கண்ணில் சிவப்பு குறைந்திருந்தது.

"கேக்க வந்ததை இப்பமாவது கேட்டுருதேன்," என்றார் வாப்பா. "ஆட்டுக்குட்டிக்குப் பேரு வச்சிருக்கேன்னு போன்ல சொன்னியே. பேரைச் சொல்லதுக்குள்ள லைன் போயிட்டு. என்ன பேரு?"

"இதுக்கா இம்புட்டு நாளா காத்திருந்தீங்க?"

"வேலை முடிஞ்சு படுத்தா, இந்தப் பேரா இருக்குமோ, அந்தப் பேரா இருக்குமோன்னு நெனச்சிக்கிட்டே தூங்கிருவேன்."

கமர் நிஷா அவர் கையைப் பிடித்துக் கொல்லை வாசலுக்குக் கூட்டிப் போனாள். "சார்ஜா," என்று கூப்பிட்டாள். முருங்கை மரத்தடியில் படுத்திருந்த ஆடு எழுந்து, ஓடி வந்து அவள் கையை முட்டியது.

"ஏன் இந்தப் பேரு வச்சே?"

"அந்த சார்ஜாவை எவ்வளவு கூப்பிட்டாலும் வராதுல்லா, வாப்பா. இது கூப்பிட்ட உடனே வந்துரும்."

வாப்பா நாலு அடி தள்ளிப் போய் நின்றார். பிறகு, தானும் கூப்பிட்டுப் பார்த்தார்.

ஆடு அவரிடமும் வந்தது.