சாய்ந்த நட்சத்திரம்

மிளகுக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். அன்று காது வரைக்கும் சிவந்திருந்தது.

சின்ன உருவம், சுருக்கென்ற பேச்சு. அதனால்தான் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

நடந்தது இதுதான். அம்மா காரை ஓட்டிக்கொண்டு தெருவுக்குள் திரும்பினாள். கார் கொஞ்சம் அதிகமாகவே ஓரம் போய், பக்கத்து வீட்டுப் பச்சைக் குப்பைத்தொட்டியைச் சப்பையாக நசுக்கிவிட்டது. தொட்டியைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டி தானாக இழுக்கிறது என்று அம்மா சொன்னாள். அதைக் காதில் வாங்கத்தான் ஆளில்லை.

அப்பா சிரித்தார். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரரும் தொட்டி போன துக்கத்தை மறந்து கூடச் சேர்ந்துகொண்டார்.

"ரோடு நேராத்தான் இருக்கு. எங்க அக்காதான் வளைஞ்சு வளைஞ்சு போறா," என்றார் மாமா.

அம்மா உள்ளே போய்ச் சாவியை ஆணியில் மாட்டினாள். "இனிமே இதை நான் தொடமாட்டேன்," என்றாள்.

திங்கட்கிழமை அம்மாவுக்குப் புது வேலை. ஊருக்கு வெளியே, பஸ் போகாத ஒரு செடிப் பண்ணையில். காரை அம்மா எடுத்துக்கொள்ளட்டும், தான் பஸ்ஸில் போவதாக அப்பா ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். இப்போது அந்த வேலையே வேண்டாம் என்கிறாள் அம்மா. எவ்வளவு ஆசையாக இருந்தாள்! மிளகுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை புதுத் தொட்டி வாங்க அப்பா கிளம்பினார். மிளகும் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஸ்டீயரிங்கையே முறைத்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஸ்டீயரிங்கின் உச்சியில் ஒரு தங்க நிற நட்சத்திரம் இருந்தது. பள்ளியில் படம் வரைந்ததற்குக் கிடைத்த ஸ்டிக்கர். போன வருஷம் அவள்தான் அதை ஒட்டினாள், அப்பாவிடம் திட்டும் வாங்கினாள். அப்போதெல்லாம் கார் நேராகப் போனால் நட்சத்திரமும் நேராக நிற்கும். இப்போது பாதை நேராக இருந்தது, காரும் நேராகப் போனது. நட்சத்திரம் மட்டும் வலது பக்கம் சாய்ந்து கிடந்தது. போதாததற்கு, அப்பாவின் கை ஸ்டீயரிங்கை இங்கேயும் அங்கேயும் ஆட்டிக்கொண்டே வந்தது.

அவள் கேட்டதற்கு, ஸ்டிக்கர் நழுவியிருக்கும் என்றார் அப்பா.

கடை வாசலில் நின்றதும் மிளகு முன்னால் எட்டி நட்சத்திரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அது அசைந்தே கொடுக்கவில்லை. அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கை மட்டும் லேசாக ஆட்டச் சொன்னாள். இறங்கிப் போய் முன் டயருக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"ஆட்டுங்கப்பா."

"ஆட்டிட்டுத்தானே இருக்கேன்."

"டயர் அசையவே இல்லையே. நீங்களே வந்து பாருங்க."

இடம் மாறினார்கள். மிளகு ஆட்டினாள். நட்சத்திரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. டயர் தூங்கியது. அடியில் எங்கோ "டொக், டொக்" என்று சத்தம். அப்பாவின் முகத்தில் இருந்த கிண்டல் இறங்கிவிட்டது.

தொட்டியை வாங்கிக்கொண்டு, காரை நத்தை மாதிரி உருட்டி, நேராக மெக்கானிக்கிடம் போனார்கள்.

மெக்கானிக் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, தாங்கிகளில் நிறுத்தினார். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், சத்தமில்லை. இடதும் வலதும் பிடித்து ஆட்டினார். "டொக்" என்றது. டை ராடு எண்ட் போய்விட்டது என்றார். ஸ்டீயரிங் திரும்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை அது. ஒரு கிண்ணத்துக்குள் சின்ன இரும்புப் பந்து இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே பந்து உள்ளே ஆடியது.

எங்கேயாவது இடித்தீர்களா என்று கேட்டார். அப்பா தொட்டிக் கதையைச் சொன்னார்.

"லேடீஸ் ஓட்டினாங்களா? அப்ப அதான் சார்," என்றார் மெக்கானிக்.

அப்பாவும் தலையாட்டினார்!

மிளகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து அந்த முனையைப் பார்த்தாள். அதை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து, உள்ளே சேறு அடைத்திருந்தது. விரலால் குத்தினாள். கல் மாதிரி இருந்தது.

"அம்மா இடிச்சது நேத்து. இந்தச் சேறு நேத்து வந்ததா அண்ணா?"

மெக்கானிக் திருப்புளியால் சுரண்டினார். காய்ந்த சேறு கட்டியாக உதிர்ந்தது. கம்பியைத் தடவிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"இடிச்சிருந்தா வளைஞ்சிருக்கும். இது வளையலை, தேஞ்சிருக்கு. பாப்பா சொல்றது சரி. இது பல மாசத் தேய்மானம் சார். தினமும் ஓட்டுற கை அதுக்குத் தக்கபடி பழகிக்கும். புதுசாப் பிடிக்கிறவங்களுக்குத்தான் இழுக்கிறது தெரியும்."

அப்பா புதுத் தொட்டியின் மூடியைத் திறந்து மூடினார்.

மெக்கானிக் நட்டைப் பூட்டியிருந்த ஊசியை உருவி, நட்டைக் கழற்றி, சுத்தியலால் ஒரு போடு போட்டார். பழைய முனை விடுபட்டது. அதைச் சுற்றிச் சுற்றிக் கழற்றும்போது, எத்தனை சுற்று என்று எண்ணினார். புதியதும் அத்தனை சுற்று உள்ளே போக வேண்டுமாம். நடுவில் போன் வந்தது, எண்ணிக்கையை மறந்துவிட்டார். மிளகு மறக்கவில்லை. மறுபக்கமும் மாற்றி, சக்கரங்கள் நேராக நிற்கும்படி சரிசெய்து முடித்தபோது நட்சத்திரம் உச்சியில் வந்து நின்றது.

திரும்பும் வழியில், வீட்டுக்குள் போனதும் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவிடுவதாக அப்பா சொன்னார்.

"சிரிச்சது தெருவுல. சொல்றது மட்டும் அடுப்படியிலயா?"

அப்பா காரை வீட்டு வாசலில் நிறுத்தியதும் மாமாவைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தொட்டியைக் கொடுத்தார். அம்மா கதவருகே வந்ததும், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வண்டிதான் இழுத்திருக்கு. நான் கவனிக்காம விட்டது. நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்."

மாமா மேலே பறந்த காக்கையைப் பார்த்தார்.

அம்மா உடனே சிரித்துவிடவில்லை. அப்பா கொண்டுவந்திருந்த பழைய முனையை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். பந்து தொளதொளவென்று தலையாட்டியது. "என் கையைப் பத்தி எனக்குத் தெரியாதா," என்றாள். பிறகு சாவிக்குக் கையை நீட்டினாள்.

எல்லோரும் ஏறினார்கள். மாமா முன்னால், அப்பாவும் மிளகும் பின்னால். ஒரு சுற்றுப் போய்விட்டு அம்மா மறுபடி தெருவுக்குள் திரும்பினாள். புதுத் தொட்டி நெருங்கி வந்தது. ஒரு சாண் இடைவெளி விட்டு, கார் அலுங்காமல் கடந்தது.

மிளகு கீழே பார்த்தாள். அப்பாவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"காலை எடுங்கப்பா," என்றாள். "பின்னாடி பிரேக் கிடையாது."