காதோரம் சொன்ன பெயர்

தேர்தலுக்கு இரண்டே நாள் இருந்தது. சுண்ணம் தேய்த்து வெளுத்த வேட்பாளர் அங்கியோடு நுமேரியஸ் சந்தைச் சதுக்கத்தில் நடந்துகொண்டிருந்தபோது, எதிரே யாருமே வராத ஓர் இடத்தில், "செர்வியஸ்" என்று காதோரம் கேட்டது.

பின்னால் வரும் அடிமை டமாஸின் வேலை அதுதான். எதிர்ப்படுகிறவரின் பெயரை முணுமுணுப்பான். கேட்ட கணமே நுமேரியஸ் சிரித்துக் கையை நீட்டுவான். பெயர் சொல்லி அழைக்கும் வேட்பாளருக்குத்தான் ரோமில் ஓட்டு. பத்து வருடப் பழக்கம், கை தானாகப் போகும்.

ஆனால் செர்வியஸ் அவனுடைய அண்ணன். ஒன்பது நாளுக்கு முன் சிதையில் எரிந்தவன்.

"என்னடா சொன்னே?"

"நான் வாயே தெறக்கலீங்களே, ஐயா."

மீன் பொரிக்கும் எண்ணெய், நனைந்த கம்பளி, கோயில் புகை என்று சந்தை எப்போதும்போல் மணத்துக்கொண்டிருக்க, அவற்றுக்கு அடியிலிருந்து குளியல் மண்டபத்தின் வெந்நீராவி மட்டும் அவன் மூக்கைவிட்டுப் போகாமல் கூடவே வந்தது. அந்த மண்டபத்தின் பின்வாசலில்தான் அரசியல் எதிரிகள் அண்ணனைக் குத்திக் கொன்றார்கள். அவன் அவ்வழியே வருவான் என்று அவர்களுக்குச் சொன்னது நுமேரியஸ். அதற்குக் கூலி, அண்ணன் போட்டியிடவிருந்த இந்தப் பதவி. வெளியே தெரிந்தால் பதவியோடு தலையும் போகும்.

"செர்வியஸ். எடது கால தாங்கித் தாங்கி வர்றார். சம்சாரத்த விசாரிங்க."

உயிரோடிருந்தவரை அண்ணன் நொண்டியதில்லை. இடது தொடையில் இருந்த கத்திக்காயத்தை, பிணத்தைக் கழுவிய நுமேரியஸ் மட்டுமே பார்த்திருந்தான்.

திரும்பினான். பத்தடி தள்ளி டமாஸ், இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். அவன் கண்கள் நுமேரியஸின் தோளருகே எதையோ பார்த்தன.

குரல் அங்கிருந்துதான் வந்தது.

"செர்வியஸ். உங்க அண்ணன். வாசலக் காட்டிக்கொடுத்தது யாருன்னு அவருக்குத் தெரியும். ஓட்டுப் போட வந்திருக்கார். கை குடுங்க."

கை தானாக நீண்டுவிட்டது. வேண்டாம் என்று நினைப்பதற்குள். உதட்டில் சிரிப்பும்.

விரல்கள் பற்றின. ஒவ்வொன்றாக. குளிர்ந்து. ஈரமாக.

ரொட்டிக்காரி விபியா கடையிலிருந்து கத்தினாள்: "என்னங்கய்யா, காத்துகிட்டகூட ஓட்டு கேக்குறீங்களா?"

சந்தையே சிரித்தது. நுமேரியஸும் சிரித்தான். வாய் மூட வரவில்லை. வெற்றுவெளியில் அவன் கை மேலும் கீழும் குலுங்கியது. நகங்கள் நீலம் பாரித்தன. மணிக்கட்டிலிருந்து வெள்ளை அங்கியில் சிவப்பு மெல்ல மேலேறத் தொடங்கியது. சந்தையில் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

கை குலுங்கிக்கொண்டே இருந்தது.