காது கேளாத ஊர்

"உங்க ஊர்ல யாருக்குமே காது கேக்காதா?"

மிர்லாந்த் அக்கா ஒருநாள் இடாலியாவிடம் இப்படிக் கேட்டாள். முட்டை கொடுக்க வந்த இடாலியா கூடையோடு வாசற்படியில் நின்றாள். ஊரில் எல்லோருக்கும் காது நன்றாகத்தான் கேட்டது. பவுதிலியோ மாமாவுக்கு மட்டும் இடது காது கொஞ்சம் மந்தம். அதைச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொல்லவில்லை.

இடாலியா பொதுவாகவே எதையும் சொல்ல மாட்டாள். வகுப்பில் ஆசிரியை கேள்வி கேட்டால், எழுந்து நின்று தன் காலணியைப் பார்ப்பாள். "பதில் காலணிக்குத்தான் தெரியும் டீச்சர்" என்று பின்வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள். அவளுக்கும் பதில் தெரியும். தொண்டை வரைக்கும் வரும். அங்கேயே நின்றுவிடும்.

மிர்லாந்த் அக்காவின் மடியில் ஒரு பெரிய சங்கு இருந்தது. வெளியே கரடுமுரடு, உள்ளே ரோஜா நிறம். வாய் வைத்து ஊத, அதன் முனையில் ஓட்டை போட்டிருந்தது.

"சரி, விடு" என்றாள் அக்கா. முட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே அவள் மகன் விஸ்லி பந்து விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு நான்கு வயது. பந்தை எந்தப் பக்கம் உருட்டினாலும் அது திரும்பிக் கடல் பக்கத்து மூலைக்கே போனது.

"பந்துக்கு அந்த மூலைதான் ரொம்பப் பிடிக்கும்" என்றான் விஸ்லி.

இடாலியாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் கவனித்தாள். தரை சாய்ந்திருந்தது. வீடு கடலைப் பார்த்துச் சாய்ந்துகொண்டிருந்தது.

அது கரையோரம் மரத்தூண்கள் மேல் நின்ற மரவீடு. கட்டியவர் எலாதியோ. தலைநகருக்கு வேலைக்குப் போன எலாதியோ, ஹைத்தி நாட்டிலிருந்து வந்திருந்த மிர்லாந்த் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு சொந்தத் தீவுக்குத் திரும்பினார். சிப்பி எடுக்கக் கடலில் மூழ்குவது அவர் வேலை. போன வருஷம் ஒருநாள் மூழ்கியவர் மேலே வரவில்லை. துக்கத்துக்கு ஊரே வந்தது, ஆளுக்கொரு மூட்டை உருளைக்கிழங்கோடு. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அலை கரையை அரித்துவிட்டது. ஒரு தூண் உளுத்துப்போயிருந்தது. மேட்டில், தேவாலயத்துக்குப் பின்னால் எலாதியோவின் நிலம் சும்மாதான் கிடந்தது. ஆனால் வீடு கீழே இருந்தது.

*

அன்று மாலை பவுதிலியோ மாமா இடாலியாவின் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். ஊரிலேயே பலமான காளைகள் அவருடையவை. அம்மா மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றிக் கொடுக்க, குழலால் உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கும் கேட்டீங்களா அண்ணே, அந்தச் சத்தத்தை?" என்றாள் அம்மா.

"கேக்காம? விடியுறதுக்கு முன்னாடியே, வயித்துவலி வந்த மாடு மாதிரி. என் காளைங்க ரெண்டும் சொந்தக்காரன் யாரோ வந்துட்டான்னு நெனச்சுப் பதிலுக்குக் கத்துதுங்க. தூக்கம் போச்சு."

அம்மா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த வீடு தாங்காது போல இருக்கே. நாமளே போய் இழுத்துக் குடுத்தா என்ன?"

அந்தத் தீவில் வீட்டை இழுப்பது புது விஷயமில்லை. வீட்டைத் தூண்களிலிருந்து பெயர்த்து, அடியில் இரண்டு நீள மரங்களைக் கொடுத்து, காளைகளைப் பூட்டி, ஊரே சேர்ந்து இழுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் வைத்துவிடும். கூலி கிடையாது. வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார், அவ்வளவுதான். அதற்கு மிங்கா என்று பெயர்.

"இழுக்கலாம். அவ கேக்கட்டும்" என்றார் மாமா.

"பாவம், ஊருக்குப் புதுசு."

"எத்தனை வருஷத்துக்குப் புதுசு? எங்கப்பா வீட்டை இழுத்தப்போ அவரு வீடு வீடாப் போனாரு. ஒவ்வொருத்தர் அடுப்படியிலும் உக்காந்து, குடுத்த மாத்தேயக் குடிச்சு, 'கெஞ்சிக் கேக்க வந்திருக்கேன்'னு சொன்னாரு. அப்புறம்தான் காளை வந்துச்சு. கேக்காத வீட்டுக்கு நாமளாப் போனா என்ன அர்த்தம்? நீ கையாலாகாதவன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி. எலாதியோ பொண்டாட்டிய நான் அப்படி அவமானப்படுத்த மாட்டேன்."

"அவளுக்குத் தெரியுமோ என்னவோ."

"வாய் இருக்குல்ல? கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும். ஒருத்தர் வாசலையும் மிதிக்கிறதில்ல. திமிரு."

அவர் திமிர் என்று சொன்னாலும் முகம் கோபமாக இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது. எலாதியோவுக்குக் காளை ஓட்டப் பழக்கியவரே அவர்தான்.

இடாலியா அடுப்புக்குப் பக்கத்தில் விறகோடு விறகாக உட்கார்ந்திருந்தாள். உங்கள் ஊரில் யாருக்கும் காது கேட்காதா என்று அக்கா கேட்டது நினைவுக்கு வந்தது. அந்தச் சத்தத்துக்கும் இந்தக் கேள்விக்கும் ஏதோ தொடர்பு இருந்தது.

*

மறுநாள் முட்டையே இல்லாமல் கீழே போனாள். அக்கா துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

இடாலியா சங்கைக் காட்டினாள். "எதுக்கு ஊதுறீங்க?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அட, உனக்குப் பேச்சு வருமா?"

இடாலியா காலணியைப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல பெரிய வேலைன்னா சங்கு ஊதுவாங்க" என்றாள் அக்கா. "ஒரு ஆள் ஊதினாப் போதும். சத்தம் எட்டுற தூரத்துல இருக்குறவங்க அத்தனை பேரும் மண்வெட்டியத் தூக்கிட்டு வந்துடுவாங்க. யாரு என்னன்னு கேக்க மாட்டாங்க. நான் இங்க இந்தக் குளிர்காலம் முழுக்க, தினமும் விடியக்காலையில ஊதினேன். ஒருத்தர் எட்டிப் பாக்கல. ஜன்னலைத்தான் மூடினாங்க."

இடாலியாவுக்கு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. அவசரத்தில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று தடுக்கி விழ, மிங்காவைப் பற்றிச் சொன்னாள். வீடு வீடாகப் போகவேண்டும். அடுப்படியில் உட்காரவேண்டும். கெஞ்சிக் கேட்கவேண்டும்.

அக்காவின் முகம் இறுகிப்போனது.

"ஒவ்வொரு வாசலாப் போயி கெஞ்சணுமா? எங்க ஊர்ல அதுக்குப் பேரு பிச்சை. எலாதியோ உசுரோட இருந்தப்போ நான் யார்கிட்டயும் கை நீட்டினதில்ல. அவரு போனப்புறம் நீட்டணுமா?"

"அது பிச்சை இல்லக்கா. இங்க எல்லாரும்..."

"சனிக்கிழமை படகுல நாங்க போறோம். பௌர்ணமி அன்னிக்குத் தண்ணி உள்ள வந்துடும். விஸ்லியை வச்சுக்கிட்டு அதை நான் பாக்க முடியாது."

"எங்க போவீங்க?"

அக்கா மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். போக இடம் இருந்தால் எப்போதோ போயிருப்பாள் என்று இடாலியாவுக்குத் தோன்றியது.

*

அன்று சாயங்காலம் இடாலியா தனியாகப் பவுதிலியோ மாமாவின் வீட்டுக்குப் போனாள். அடுப்படிச் சுவரில், ஈரம் படாத இடத்தில், அவருடைய நுகத்தடி தொங்கியது. வயல் வேலைக்கு அவரிடம் வேறொன்று இருந்தது. இது மிங்காவுக்கு மட்டும் இறங்குவது. இப்போது அதன்மேல் ஒரு கோழி படுத்திருந்தது.

"வாம்மா. அம்மா அனுப்பினாளா?"

தலையசைத்து இல்லை என்றாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் மாத்தே கொடுத்தார். கசப்பு கண்ணில் நீரை வரவழைத்தது. முழுவதும் குடித்தாள். பிறகு காலணியைப் பார்த்தாள். மாமா இரண்டு தடவை அடுப்புக்கு விறகு வைத்தார்.

"கெஞ்சிக் கேக்க வந்திருக்கேன்" என்றாள் இடாலியா. "மிர்லாந்த் அக்கா வீட்டுக்காக."

மாமா வலது காதை அவள் பக்கம் திருப்பினார். "அவ அனுப்பினாளா?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "இல்ல."

"அப்போ அந்தக் கேள்வி என்கிட்ட இன்னும் வரலம்மா. வீட்டுக்காரங்க வரணும். இல்லன்னா நான் யாரு, அடுத்தவங்க வீட்டைப் பேத்தெடுக்குறதுக்கு?"

மற்ற வீடுகளுக்கும் போனாள். ஒரு வீட்டில் ரொட்டி கொடுத்தார்கள். ஒரு வீட்டில், "பவுதிலியோ காளை வந்தா நாங்களும் வர்றோம்" என்றார்கள். அடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். இன்னொரு வீட்டில், "நீயா பேசுற?" என்று ஆச்சரியப்பட்டதில் அவள் கேட்டதைக் கவனிக்கவே மறந்துவிட்டார்கள்.

வாழ்நாளில் பேசாத அளவுக்கு அன்று பேசியிருந்தாள். எதுவும் நடக்கவில்லை. பேசாமலே இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே மழையில் வீட்டுக்கு நடந்தாள்.

*

சனிக்கிழமை காலை கடல் ஏறியது. நாளைதான் பௌர்ணமி. ஆனால் காற்று சேர்ந்துகொண்டதால் அலை இன்றே வீட்டுக்கு அடியில் வந்து மோதியது.

இடாலியா கீழே ஓடியபோது, உளுத்த தூண் முறியும் சத்தம் கேட்டது. கடல் பக்கத்து மூலை பிய்ந்துகொண்டு போனது. ஜன்னலும் எலாதியோ அடித்த அலமாரியும் தண்ணீரில் மிதந்தன. அவற்றுக்கு நடுவே பந்தும் மிதந்தது.

வெளியே நின்ற விஸ்லி அழவில்லை. "அந்த மூலை போயிடுச்சு. இனிமே பந்து எங்க போகும்?" என்று மட்டும் கேட்டான்.

அவன் பக்கத்தில் அக்கா மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். படகுக்கு இன்னும் நேரம் இருந்தது. இன்னொரு முறை கடல் ஏறினால் வீடு நிற்காது. அவள் கடலையும் பார்க்கவில்லை, வீட்டையும் பார்க்கவில்லை.

"இதை நீ வச்சுக்கோ" என்று சங்கை இடாலியாவிடம் நீட்டினாள். "கேக்க ஆள் இல்லாத எடத்துக்கு இது எதுக்கு?"

சங்கு கனமாக இருந்தது. இடாலியா அதில் வாய் வைத்து ஊதிப் பார்த்தாள். புஸ்ஸென்று காற்றும் எச்சிலும்தான் வந்தன. விஸ்லி சிரித்துவிட்டான். அந்த நிலையிலும் அக்காவின் உதடு கொஞ்சம் அசைந்தது.

சங்கைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இடாலியாவுக்கு அது தோன்றியது.

"அக்கா, நீங்க கெஞ்ச வேணாம். ஒரு வார்த்தை பேச வேணாம்."

"என்ன சொல்ற?"

"ஊதுங்க. உங்க ஊர்ல மாதிரியே ஊதுங்க. ஆனா இங்க நின்னு இல்ல. பவுதிலியோ மாமா அடுப்படியில உக்காந்து."

அக்கா தலையை ஆட்டினாள். "இன்னும் கொஞ்சம் சிரிப்பாங்க. போதும் இடாலியா."

"எனக்கும் பேச வராதுக்கா" என்றாள் இடாலியா. "நான் போய் எல்லார்கிட்டயும் கேட்டேன். ஒவ்வொரு வீடாப் போய்க் கேட்டேன்."

அக்கா அவளையே பார்த்தாள். "எனக்காகவா?"

இடாலியா காலணியைப் பார்க்கவில்லை.

*

பவுதிலியோ மாமா ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு மூவரும் நனைந்தபடி வந்து நின்றதைக் கண்டதும் கத்தி பாதியில் நின்றது.

"உக்காருங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னாள் இடாலியா.

மிர்லாந்த் அக்கா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். மாமா எதுவும் கேட்காமல் மாத்தேயில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். அக்கா கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு சங்கை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள்.

அந்தச் சின்ன அடுப்படியில் அது எத்தனை பெரிய சத்தம். கிண்ணங்கள் நடுங்கின. நுகத்தடி மேல் படுத்திருந்த கோழி அலறிக்கொண்டு ரொட்டி மேல் விழுந்து, வெளியே ஓடியது. பட்டியிலிருந்து இரண்டு காளைகளும் பதிலுக்குக் கத்தின.

சத்தம் ஓய்ந்தது. மாமா வலது காதைத் தடவிக்கொண்டார்.

"இதுதான் மாமா கேக்குறது" என்றாள் இடாலியா. "அவங்க ஊர்ல இப்படித்தான் கேப்பாங்க."

"அப்போ தினமும் விடியக்காலையில..."

"அதுவும் கேட்டதுதான்."

மாமா கத்தியை மேசை மேல் வைத்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவருக்கும் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது போலிருந்தது. அப்படி நின்றால் எப்படி இருக்கும் என்று இடாலியாவுக்குத் தெரியும். அதனால் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள்.

அவர் எழுந்தார். சுவரிலிருந்து நுகத்தடியை இறக்கினார். அதில் ஒட்டியிருந்த கோழி இறகைச் சட்டைக் கையால் துடைத்தார். தோல்வார்களை இழுத்துப் பார்த்தார். நுகத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டார்.

விஸ்லி ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். பவுதிலியோ மாமா அவன் தலையில் ஒரு கணம் கை வைத்தார். பிறகு மழையில் இறங்கி, காளைகள் நின்ற பட்டியைப் பார்த்துப் போனார்.